குறைந்த வாடகை

வாடகை மாதம் பதினைந்து ரூபாய் என்று ஜெயமணி சொன்னதும் நீலாவதி நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். தகரம் துருவேறியிருந்தது, ஆனால் ஓட்டை தெரியவில்லை. பலகைச் சுவரை விரல் முட்டியால் தட்டினாள். செல்லரித்த மரத்தின் பொக்கைச் சத்தம் வரவில்லை. பின்பக்கம் போய்க் கிணற்றில் வாளி இறக்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கரிக்கவில்லை. இரண்டு அறை, சமைக்கத் தனியாக ஒரு சாய்ப்பு, பாக்கு மரங்கள், அதற்கப்பால் மழைக்குக் காத்திருக்கும் நெல்வயல். பஸ் நிற்கும் இடத்துக்குக் கால்மணி நடை. கோளாறு எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிபடாததுதான் அவளை உறுத்தியது.

“கிணறு இந்தப் பக்கமா? நல்லதாப் போச்சு” என்றான் அவள் கணவன் சிவஞானம், வாசலில் நின்றபடியே.

போர்ட் பிளேரின் ஷாதிபூரில் அவர்கள் இருந்த ஒற்றை அறைக்கு நாற்பது ரூபாய். நடுவில் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஒரு தெலுங்குக் குடும்பம் இருமினால் இந்தப் பக்கம் சோற்றுத் தட்டு அதிர்ந்தது. அதையும் ஐம்பதாக்கிக் கேட்டார் வீட்டுக்காரர். கப்பலுக்குக் கப்பல் ஆள் இறங்குகிறது, நீ இல்லையென்றால் இன்னொருவன் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். சிவஞானம் அந்த ஊரிலேயே ஒரு அரசு ஸ்டோரில் குமாஸ்தா. குவார்ட்டர்ஸ் பட்டியலில் அவன் பெயர் நூற்றுப் பத்தொன்பதாவதாக இருந்தது. இரண்டு வருடத்தில் ஏழு பெயர்தான் நகர்ந்திருந்தது. துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், பம்பூ ஃப்ளாட்டில் ஒரு அறை பார்த்தார்கள். படகு தவறினால் அன்றைய வேலை போயிற்று. வண்டூர்ப் பக்கம் ஒரு வீடு இருந்தது. அங்கே போகும் பஸ்ஸை நம்ப முடியாது. பிறகுதான் அபர்தீன் பஜாரில் கடை வைத்திருக்கும் காதர், பெரார்கஞ்சில் இப்படியொரு வீடு இருப்பதாகச் சொன்னாராம். காதர் சொன்னதாகச் சிவஞானம் சொன்னான்.

“இவ்வளவு கம்மியா எதுக்குக் குடுக்கறீங்க?” என்று ஜெயமணியிடமே கேட்டுவிட்டாள் நீலாவதி.

ஜெயமணிக்கு நாற்பது வயது இருக்கும். புகையில் காய்ந்த கண்கள். போர்ட் பிளேரில் மரம் அறுக்கும் ஆட்களின் மெஸ்ஸில் சமைக்கிறாள். “காலையில நாலு மணிக்கு அடுப்பு மூட்டணும் தங்கச்சி. அந்நேரத்துக்கு இங்கேருந்து எந்த பஸ்ஸு? அங்கேயே கிடக்கேன். பூட்டிப் போட்ட வீடு கரையான் தின்னுபோகும். ஆளு இருந்தா எனக்கு அதுவே போதும்” என்றாள். பிறகு உள்ளறை ஆணியில் தொங்கிய நீலக் கோடு போட்ட ஆண் சட்டையைக் காட்டினாள். “என் வீட்டுக்காரரு பன்னீர்செல்வத்தோடது. மெயின்லேண்டுக்கு வைத்தியத்துக்குப் போயிருக்காரு. இது இங்கேயே இருக்கட்டும். வாரத்துக்கு ஒருக்கா அலசிக் கொடியில போட்டுரு. அக்கம்பக்கத்துல என்னைய அக்கான்னே கூப்பிடு, என்ன?”

வைத்தியத்துக்குப் போனவனின் சட்டையை வாரம் ஒருமுறை ஏன் துவைக்க வேண்டும்? திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் இதையே கேட்டாள். “பாவம், புருஷன் ஞாபகம்” என்றான் சிவஞானம், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. மீன்கடையில் நாலணாவுக்கு நாழிக்கணக்காய்ப் பேரம் பேசுகிறவன், அந்த வீட்டில் குறைக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

முதல் மழையோடு குடிவந்தார்கள். சிவஞானம் இருட்டோடு எழுந்து ஆறு மணி பஸ்ஸைப் பிடிப்பான். இந்தத் தீவில் ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். அவன் இறங்கி நடந்து வரும்போது வயல் தவளைகள் கத்தத் தொடங்கியிருக்கும். இடைப்பட்ட பகல் முழுவதும் அவளுடையது. அரிசி புடைத்தாள், கொல்லையைக் கொத்திக் கீரை போட்டாள், மழை நிற்கும்போதெல்லாம் வீட்டைச் சோதித்தாள். தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தாள். பரணில் ஏறிப் பார்த்தாள். கட்டுப் பிரிந்த பாயும் ஒரு அரிவாளும் கிடந்தன. இங்கே யாரும் தூக்குப் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. பாம்பும் வரவில்லை. கொடியில் பன்னீர்செல்வத்தின் சட்டை ஆடிக்கொண்டிருந்தது. அதை அலசும்போதெல்லாம் யாரென்று தெரியாத ஒருவனின் தோளைத் தொடுவதுபோல் இருந்தது அவளுக்கு.

மேட்டு வீட்டிலிருந்து சம்சாத் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவாள். தேவிப்பட்டினத்துக் குடும்பம், ஆனால் இங்கேயே பிறந்தவள், பேச்சில் பாதி இந்தி. ஒருநாள் வேலிப் படலில் சாய்ந்துகொண்டு நீலாவதியை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீ ஜெயமணியோட சோட்டி பெஹன்தானே? மூஞ்சி கொஞ்சம்கூட மில்தா இல்லியே.”

தங்கையா, முகச்சாடையே இல்லையே என்று கேட்கிறாள். நீலாவதி ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாமல் சிரித்து வைத்தாள்.

“உன் புருஷன் வீடு பாக்க வந்தப்பவே ஜெயமணி சொன்னா, என் தங்கச்சி குடிவரப் போறான்னு.”

“நானும்தானே கூட வந்தேன்.”

“நீ வந்தது அப்புறம். அதுக்கு முந்தி அவன் மட்டும் ரெண்டு வாட்டி வந்தானே. கிணத்துக்கிட்ட உக்காந்து ரெண்டு பேரும் பஹுத் நேரம் பேசிட்டிருந்தாங்க. உனக்கு மாலும் இல்லியா, தெரியாதா?”

சம்சாத் மாட்டோடு போய்விட்டாள். நீலாவதி அன்று மாலைவரை அடுப்பு மூட்டவில்லை. கிணறு இந்தப் பக்கமா என்று அவன் கேட்ட குரல் காதுக்குள் திரும்பத் திரும்ப ஒலித்தது. எவ்வளவு நன்றாகக் கேட்டான்! அவளிடம் பொய் சொல்லத் தெரியாதவன் என்றுதான் நான்கு வருடமாக நினைத்திருந்தாள்.

அதன்பிறகு வீட்டை விட்டுவிட்டு அவனைச் சோதிக்கத் தொடங்கினாள். சட்டைப் பையில் பஸ் டிக்கெட்டுகளைப் பார்த்தாள். துணியில் மெஸ் அடுப்பின் புகைவாசம் இருக்கிறதா என்று முகர்ந்தாள். புதன்கிழமை பஸ் டயர் வெடித்து வரத் தாமதமாயிற்று என்றான். அதே பஸ்ஸில் வரும் பெங்காலி வாத்தியாரின் மனைவியிடம் மறுநாள் ஜாடையாலேயே விசாரித்து உறுதி செய்துகொண்டாள். உறுதியானதும் நிம்மதி வரவில்லை. ஜெயமணியின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள், தழும்பேறிய கை. அதனால் என்ன? நாற்பது ரூபாய் வாங்க வேண்டிய வீட்டைப் பதினைந்துக்கு ஒருத்தி சும்மா கொடுப்பாளா?

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஜெயமணி வந்தாள், ஓலைப்பையில் கொக்காரி மீனோடு. சிவஞானம் ரேஷன் வாங்கப் போயிருந்தான். ஜெயமணி வந்ததும் வராததுமாகக் கொடியைப் பார்த்தாள், சட்டையைத் தொட்டுப் பார்த்தாள், திருப்தியாகத் தலையாட்டினாள். நீலாவதியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“எங்க வீட்டுக்காரரு என்னைக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை இங்க வந்தாராமே?”

“ஆமா.”

“எதுக்கு?”

ஜெயமணி அவளையே பார்த்தாள். மீனைக் கீழே வைத்தாள். “அவரு உன்கிட்ட ஒண்ணுமே சொல்லலியா?”

பிறகு சாய்ப்பில் உட்கார்ந்து, மீனை உரசிக்கொண்டே சொன்னாள். நிலமும் வீடும் பன்னீர்செல்வத்தின் பெயரில் சர்க்கார் கொடுத்தது. குடும்பத்தோடு இங்கேயே இருந்து பயிர் வைக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். பன்னீர்செல்வம் வைத்தியத்துக்குப் போகவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் கப்பல் ஏறினவன்தான், திரும்பவேயில்லை. வயலைச் சம்சாத்தின் புருஷனே உழுது பாதி நெல் கொடுத்துவிடுகிறான். வீடுதான் பூட்டிக் கிடந்தது. நிலக்கணக்குப் பார்க்கும் பட்வாரி வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனால் எல்லாம் போய்விடும்.

“அவரு ஊர்ல இன்னொருத்தியோட இருக்காருன்னு காதர் கடைக்கு வந்த ஆளு ஒருத்தன் சொன்னான். எனக்கு அதுகூடப் பரவாயில்ல. காட்டை வெட்டினதுல பாதி நான் வெட்டினது தங்கச்சி. அட்டை கடிச்ச தழும்பு இந்தா பாரு. அதை விட்டுட்டு நான் எங்க போவேன்?”

“அதனால நாங்க உங்க குடும்பம்னு சொல்லணும். அப்படித்தானே?”

“உன் வீட்டுக்காரரு தன் பேரு வரவேண்டாம்னுட்டாரு. சர்க்கார் உத்தியோகம், தெரிஞ்சா வேலைக்கு வினை. பட்வாரி வர்றது பகல்ல. ‘பகல்ல நான் ஆபீஸ்ல இருப்பேன், வீட்ல அவ மட்டும்தான் இருப்பா, தங்கச்சின்னு சொல்லிக்குவா’ன்னாரு.” ஜெயமணி கத்தியை நிறுத்தினாள். “உன்கிட்ட சம்மதம் கேட்டாச்சுன்னும் சொன்னாரு.”

மீன் செதில் நீலாவதியின் முழங்கையில் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடவும் தோன்றவில்லை. ஒரு கணம், ஒரே கணம், இது வேறு மாதிரியாகவே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். அவன் இவளை விரும்பி வந்தான் என்றால் அழுதிருக்கலாம், கத்தியிருக்கலாம். இதற்கு என்ன செய்வது? நாற்பது ரூபாய் அறையில் அவள்தான் இரவெல்லாம் புலம்பினாள். தனிக் கிணறு வேண்டும், தடுப்பில்லாத சுவர் வேண்டும் என்று. அவன் வாங்கிக் கொடுத்துவிட்டான். அதற்கான பொய்யை மட்டும் அவள் வாயில் வைத்துவிட்டு, தான் ஆறு மணி பஸ்ஸில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறான்.

“இஷ்டமில்லேன்னா சொல்லிடு. வேற ஆளு பாத்துக்கறேன்” என்றாள் ஜெயமணி. குரலில் கெஞ்சல் இல்லை. பயம் இருந்தது.

நீலாவதி எழுந்து அடுப்பை மூட்டினாள். மீனைக் குழம்பு வைத்து இருவருக்கும் பரிமாறினாள். ரேஷன் பையோடு வந்த சிவஞானம் இரண்டு பெண்களும் பேசாமல் சாப்பிடுவதைப் பார்த்து, “என்ன, அமைதியா இருக்கீங்க?” என்றான். “முள்ளு” என்றாள் நீலாவதி.

அவனாகச் சொல்வான் என்று காத்திருந்தாள். சொல்வதற்கு எத்தனையோ சமயம் இருந்தது. மழை கொட்டுகிற ஞாயிறுகள், அவள் தலைக்கு எண்ணெய் வைத்து அவன் முன்னால் உட்கார்ந்திருந்த மாலைகள். அவன் குவார்ட்டர்ஸ் பட்டியலைப் பற்றியும், வராத கப்பலில் வரவேண்டிய சிமெண்டைப் பற்றியும் பேசினான்.

பட்வாரி வந்தது செப்டம்பரில், வெயிலும் தூறலும் சேர்ந்தடித்த ஒரு பகலில். காக்கித் தொப்பி, கையில் நீள நோட்டு. கூடவே தார் டப்பாவும் பிரஷ்ஷும் பிடித்த ஒரு ஆள். கொடிக்கு எதிரே நின்று, “பன்னீர்செல்வம் கிதர் ஹை?” என்று அவன் இருக்குமிடத்தைக் கேட்டார்.

சம்சாத்திடமிருந்து பொறுக்கிய இந்தி நீலாவதிக்கு ஐம்பது வார்த்தை இருக்கும். “மெயின்லேண்ட்” என்றாள். “பீமார்.” உடம்புக்கு முடியவில்லை.

“கப் ஆயேகா?” எப்போது வருவான்?

“அக்லா ஜஹாஜ்.” அடுத்த கப்பல். அந்தப் பாஷையில் சொல்லும்போது பொய்க்குக் கனமே இல்லை. கடையில் உப்பு கேட்பது மாதிரித்தான் இருந்தது.

“ஜெயமணி?”

“பஜார்.”

பட்வாரி கொடியில் தொங்கிய சட்டையைப் பிடித்துப் பார்த்தார். விரலை உதறினார். மெயின்லேண்டில் இருக்கிறவன் சட்டை ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டார். கேள்வி முழுக்கப் புரிந்தது. பதிலுக்குத்தான் அவளிடம் வார்த்தை இல்லை. தார் டப்பாக்காரன் சிரிப்பை அடக்கினான். மேட்டில் சம்சாத் மாட்டை நிறுத்திவிட்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். கிராயா. வாடகை. அந்த வார்த்தையும் அவளுக்குத் தெரியும்.

“தீதி தோதி ஹை” என்றாள். அக்கா துவைக்கிறாள். “ரோஸ்.” தினமும்.

பட்வாரி அவளை நிதானமாகப் பார்த்தார். பார்வையில் நம்பிக்கை இல்லை, கோபமும் இல்லை. இந்த மாதிரி எத்தனை வீட்டு வாசலில் நின்றாரோ. “தும் பெஹன் ஹோ? பாப் கா நாம்?”

அக்காவுடைய தகப்பன் பெயர். அதை ஜெயமணி சொல்லித் தரவில்லை. இவளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பட்வாரியின் பேனா காகிதத்தின் மேல் நின்றது.

“அருணாசலம்” என்றாள் நீலாவதி.

திருக்கோவிலூரில் மளிகைக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவள் அப்பா. பெண்ணை அந்தமானுக்கு அனுப்பச் சம்மதமில்லாமல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வழியனுப்பவும் வராதவர். பட்வாரி எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் மறுபடி வருவேன், ஜெயமணி வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நடந்தார். பின்தங்கிய தார் டப்பாக்காரன் நிலைக்கதவின் சட்டத்தில் தாரால் பட்டையாக ஒரு நம்பர் எழுதிவிட்டு ஓடினான்.

சிவஞானம் வந்தபோது இருட்டிவிட்டது. செருப்பைக் கழற்றுவதற்காக வழக்கம்போல் நிலையைப் பிடித்தான். கை வழுக்கியது. உள்ளேயிருந்து அரிக்கேன் வெளிச்சம் விழுந்தது. கட்டை விரல் முழுக்கத் தார். எழுதியிருந்ததைக் குனிந்து படித்தான். எண்பத்து மூன்று. மூன்றின் வால் அவன் கையோடு வந்திருந்தது.

“நீலா, இது எப்போ?”

“மத்தியானம்.”

வயலில் தவளைகள் கத்தின.  இனி எதைக் கேட்டாலும் அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று ஆகிவிடும். அவள் கூடத்தில் தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள்.

“என்ன... என்ன கேட்டாங்க?”

“எங்கப்பா பேரைக் கேட்டாங்க. கொடுத்துட்டேன்.”

அவள் சோறு போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அவன் இன்னும் வாசலிலேயே நின்றிருந்தான். வெள்ளைச் சட்டையில் பட்டுவிடாமல் கறுத்த கட்டை விரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கைநாட்டு வைக்கக் காகிதம் வருவதற்காகக் காத்திருப்பவன் மாதிரி.