மாம்போங் ஏற்றத்தில் கொதித்த என்ஜின்

டுஃபியேயின் பிக்கப் மறுபடியும் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டபோது, குமாசி நகரின் சுவாமே பட்டறைப் பேட்டையில் அந்தச் சந்து முழுக்கச் சுத்தியல் சத்தம் சற்று அடங்கியது. பிறகு யாரோ சிரித்தார்கள். போன்ஸ்ரா தலை நிமிரவில்லை.

என்ஜின் இறக்கி வேலை பார்ப்பதில் அந்தச் சந்திலேயே அவனுக்குத்தான் பேர். அவன் பூட்டிய லாரிகள் வடக்கே பாலைவன ஓரம் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் இந்தப் பிக்கப் மட்டும் அவன் மானத்தை வாங்கியது. பூட்டிக் கொடுத்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் இது மூன்றாவது தடவை கொதித்து நின்றிருக்கிறது. முதல் தடவை தெர்மோஸ்டாட்டை மாற்றினான். அடுத்த தடவை என்ஜினின் மேல்மூடியான ஹெட்டையே கழற்றி, வளைவு இருக்கிறதா என்று சட்டம் வைத்துப் பார்த்து, புது கேஸ்கெட் போட்டான். வாட்டர் பம்பையும் பிரித்துப் பார்த்தாயிற்று. ரேடியேட்டரைப் பக்கத்துப் பட்டறை அசமானி கழுவிக் கொடுத்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வண்டி மட்டும் சரியாகவில்லை.

ரேடியேட்டர் வேலை செய்யும் அசமானிக்கும் அவனுக்கும் சிநேகமும் உண்டு, போட்டியும் உண்டு. அசமானி பற்றவைப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"போன்ஸ்ரா, பேசாம பானட் மேல சட்டிய வச்சிடு. சோறு நல்லா வேகும். ஆளுக்குப் பாதி, கடையப் போட்டுடலாம்."

டுஃபியே சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. மாம்போங் மலைச்சரிவு வழியாக எஜுராவுக்கு உப்பும் சிமென்டும் ஏற்றிப்போய், திரும்பும்போது பெருவள்ளிக்கிழங்கு கொண்டுவருகிறவள் அவள். ஓட்டுநர் வைத்துக்கொள்ளாமல் தானே ஓட்டுவாள். அவள் சத்தம் போட்டிருந்தால் போன்ஸ்ராவும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பான்.

"மாஸ்டர், நான் சண்டைக்கு வரல. இங்க நிழல்ல நிறுத்தி வச்சுப் பாத்தா இதுக்கு ஒரு நோயும் தெரியாது. ஏத்தத்துல என் கூட வாங்க. அது என்ன பண்ணுதுன்னு நீங்களே உங்க கண்ணால பாருங்க" என்றாள்.

மறுநாள் காலை சிமென்ட் ஏற்றிக்கொண்டு இருவரும் புறப்பட்டார்கள். பாலைவனப் பக்கமிருந்து வீசும் ஹர்மத்தான் காற்று தூசியை அள்ளிக்கொண்டு வந்து கண்ணாடியில் பூசியது. சமதரையில் வெப்பமானியின் முள் அசையவே இல்லை. போன்ஸ்ரா கண்ணை மூடி என்ஜினைக் கேட்டுக்கொண்டு வந்தான். பழுதில்லாத சத்தம். தான் பூட்டிய என்ஜின்தான் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். சரிவு தொடங்கி, அவள் கியரைக் குறைத்த பிறகும் பாதி ஏற்றம் வரை ஒன்றுமில்லை. அப்புறம் முள் கிளம்பியது. கிளம்பியது நிற்கவில்லை. சிவப்பைத் தொடுவதற்குள் டுஃபியே வண்டியை ஓரம் கட்டினாள். பானட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி வந்தது.

"இந்த வாசனைதான் மாஸ்டர். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் மணக்குது."

போன்ஸ்ரா மூக்கை உறிஞ்சினான். கருகிய எண்ணெயின் நெடி இல்லை, ரப்பர் தீயும் நாற்றமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் புகைக்கும் சாம்பிராணி போல இருந்தது. இத்தனை வருடத்தில் எந்த என்ஜினும் அவனுக்கு அந்த வாசனையைக் காட்டியதில்லை.

பானட்டைத் திறந்து, பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்து என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் முன்னாலிருந்து பின்னால் வரை சொட்டுச் சொட்டாக வைத்தான். முன்பக்கத்துச் சொட்டுகள் மெதுவாகச் சுருங்கி வற்றின. நான்காவது சிலிண்டர் பக்கம் வைத்த சொட்டு மட்டும் தோசைக்கல்லில் விழுந்ததுபோலத் துள்ளித் தெறித்தது. மறுபடி வைத்தான். மறுபடியும் துள்ளியது.

"அக்கா, தண்ணி அங்க போகல" என்றான். "எல்லா எடமும் சுத்துது, அந்த மூலைக்கு மட்டும் போகல."

சிமென்டை வழியிலேயே தெரிந்த கடையில் இறக்கிவிட்டு, வண்டியை ஆறவைத்து ஆறவைத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். பிளாக்கின் பக்கவாட்டில், தண்ணீர் ஓடும் அறைகளுக்கு வட்டமான தகட்டு மூடிகள் உண்டு. முன் மூடியைத் தட்டிக் கழற்றியதும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. பின் மூடியைக் கழற்றினான். ஒரு சொட்டு வரவில்லை. துளைக்குள் கறுப்பாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்கி ஒட்டிக்கொண்டது.

போன்ஸ்ராவுக்குக் கோபம் தலைக்கேறியது. ரேடியேட்டர் ஒழுகாமலிருக்கக் கொட்டும் அடைப்புத்தூளை அசமானிதான் போட்டிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, திருப்புளியும் கையுமாகப் பக்கத்துப் பட்டறைக்குப் போய் நாலுபேர் கேட்கத் திட்டினான். அசமானி திருப்புளியை வாங்கி, நுனியிலிருந்ததை விரலால் உருட்டினான், முகர்ந்தான். அவன் முகத்திலிருந்த சண்டை அப்படியே வடிந்தது.

"இது தூளு இல்லடா. கொசுத்தேனீ கூடு கட்டுற பிசினு. அடெபுபு காட்டுல மரப்பொந்துல இத நோண்டித்தான் நாங்க தேன் குடிச்சோம்."

"என்ஜினுக்குள்ளயா?"

"நீதான் பிளாக்க எவ்வளவு நாளு வெளிய போட்டு வச்சிருந்த?"

போன்ஸ்ரா தன் பட்டறைக் கூரை ஓரத்தைத் திரும்பிப் பார்த்தான். கிராங்குக்குப் பொருத்தமான பேரிங் கிடைக்காமல் மழைக்காலம் முழுக்க அந்த பிளாக் கூரை ஓரத்தில் கிடந்தது. கழுவுவதற்காக மூடிகளை எல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். பேரிங் வந்ததும் சிலிண்டர்களைத் துடைத்தான், எண்ணெய் வழிகளை ஊதினான். பக்கத் துளைகளுக்குள் பார்க்கத் தோன்றவில்லை. பூட்டிக்கொண்டிருந்தபோது கண்ணோரத்து வியர்வையில் குட்டிப் பூச்சிகள் மொய்த்ததும், புறங்கையால் விரட்டிக்கொண்டே புது மூடிகளை அறைந்து இறக்கியதும் இப்போது நினைவுக்கு வந்தன. வீட்டுக்காரர்களை உள்ளே வைத்துக் கதவை அடைத்துவிட்டான்.

ஹெட்டை மறுபடி இறக்கினார்கள். சூட்டில் இளகிய பிசின் இன்னும் முழுதாக இறுகியிருக்கவில்லை. வளைத்த கம்பியை மேலிருந்து விட்டு அசமானி தள்ள, போன்ஸ்ரா பக்கத் துளைகளில் விரலும் இடுக்கியும் கொண்டு இழுத்தான். நீளநீளமாக வந்தது. கடைசியில் வந்த பெரிய கட்டியை டுஃபியே தன் துணியில் வாங்கிக்கொண்டு வெயிலில் பிடித்தாள்.

சிலிண்டரின் வெளிவளைவு அதில் அப்படியே பதிந்திருந்தது. எந்த மெக்கானிக்கும் கண்ணால் பார்க்க முடியாத, வார்ப்புக்குள் புதைந்த தண்ணீர்ப் பாதையின் உருவம் அது. வெளிச்சம் ஊடுருவிய ஓரங்கள் கருந்தேன் நிறத்தில் மின்னின. அதற்குள் நூற்றுக்கணக்கான இறக்கைகள், ஒவ்வொன்றும் எள்ளளவுதான், கசங்காமல் விரிந்து கிடந்தன. போன்ஸ்ரா கிட்டப் போய்ப் பார்த்தான். மயிரிழை அளவு கணக்குப் பார்த்துத் தான் கடைந்த இரும்பில், தன்னைக் கேட்காமல் ஒரு ஊரே குடிவந்து, தூண் நட்டு, தேன் சேர்த்து, பிள்ளை பெற்றிருக்கிறது. அவன் தலையிலிருந்து தொப்பியை எடுத்தான்.

பிசினைத் தகரத்தில் குவித்து வெயிலில் வைத்துவிட்டு, பிளாக்குக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, கென்கே என்னும் புளித்த சோள உருண்டையும் மீனும் சாப்பிட உட்கார்ந்தார்கள். டுஃபியேதான் முதலில் பார்த்தாள். தகரத்தின் மேல் காற்று நடுங்குவதுபோல இருந்தது. கிட்டப் போனால், கொசுத்தேனீக்கள். எந்தச் சுவர்ப் பொந்திலிருந்து வந்தனவோ, கிரீசும் புகையும் சுத்தியல் சத்தமும் தாண்டி, பிசின் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து வந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கறுப்புப் பொட்டைக் கிள்ளி, பின்னங்காலில் அப்பிக்கொண்டு, ஆடி ஆடி எழும்பிப் போனது. போக, அடுத்தது வந்தது.

"அதுக்குள்ள இருந்தவங்களோட சொந்தமா இருக்குமோ?" என்று டுஃபியே கேட்டாள்.

"வேற கூடா இருக்கும். ஆனா பிசின வீணாப் போக விடாது" என்றான் அசமானி. தன் பட்டறையில் தகரம் தட்டிக்கொண்டிருந்தவர்களைக் கையமர்த்தினான். சந்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தகரத்தைச் சுற்றி நின்றார்கள். வண்டி இழுத்து வரப்பட்ட அன்று சிரித்தவர்களும் வந்தார்கள். இரும்பை அடித்தே காது மரத்துப்போனவர்கள் அத்தனைபேரும், அந்த மெல்லிய ரீங்காரம் கேட்கும்வரை அடங்கி நின்றார்கள்.

போன்ஸ்ரா அசமானியின் தோளைத் தொட்டு, தான் திட்டியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றான். சோற்றுக்கடை போடும் யோசனையை மட்டும் தான் கைவிடப் போவதில்லை என்று அசமானி சொன்னான்.

போன்ஸ்ரா பிளாக்கைத் திரும்பத் திரும்பக் கழுவி, எல்லாத் துளையிலிருந்தும் தண்ணீர் ஒரே வேகத்தில் வரும்வரை விடவில்லை. ஹெட்டைப் பூட்டினான். மறுபடி சிமென்ட் ஏற்றிக்கொண்டு அவனும் டுஃபியேயும் மாம்போங் சரிவில் ஏறினார்கள். பாதி ஏற்றம் கடந்தது, முள் அசையவில்லை. வண்டி கொதித்து நின்ற இடமும் கடந்தது. போன்ஸ்ராவின் கண் முள்ளில் இல்லை. நான்கு நெருப்புக் குழிகளைச் சுற்றி, விரல்கடை இரும்புக்கு அப்பால், இருட்டில் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரை அவன் மனதால் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ வருடமாக அதைத் தெரியும். இன்றுதான் அது பார்க்கக் கிடைத்தது போல இருந்தது.

உச்சியில் டுஃபியே வண்டியை நிறுத்தி, இறங்கி, பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கை பொறுக்கும் சூடுதான்; எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"மாஸ்டர், நீங்களும் வச்சுப் பாருங்க" என்றாள்.