ஓட்டி இறக்கிய இடம்

"இதை ஒருத்தருக்கும் குடுக்க ஏலாது, லவினியா—"

"அம்மா, நாளைக்குப் பூசை. அச்சடிச்சு—"

"அச்சடிச்சா என்ன? கிழிக்கத் தெரியாதோ எனக்கு?"

"நான் இருந்து மொழிபெயர்த்தனான். நீங்கள் ஒழுங்கா வாசிக்கவும் இல்லை—"

"வாசிச்சபடியால்தான் சொல்லுறன்."

ஜேர்மனியின் ஹம் நகரத்து வீட்டின் சாப்பாட்டு மேசையில், லவினியாவின் தகப்பன் அல்பேர்ட்டின் முதலாம் ஆண்டு நினைவு அட்டைகள் பெட்டியோடு கிடந்தன. முன்பக்கம் அவர் படம், 2008 என்ற ஆண்டு. பின்பக்கம், வேதவாக்கியம் வரவேண்டிய இடத்தில், மகள் இரண்டு வரி போட்டிருந்தாள். பல்கலைக்கழகத்தில் அவள் படிப்பது பழைய அமெரிக்கக் கவிதை. கடல் கடந்து அங்கே முதலில் குடியேறியவர்கள் பாடியது:

என் உடல் படகு, நீயே ஓட்டி;
நீ இறக்கும் இடமே எனக்குக் கரை.

மாலுமி என்று எழுதியிருக்கலாம். அப்பா வாயில் வரும் மன்னார்ச் சொல்லாக இருக்கட்டும் என்றுதான் ஓட்டி என்று போட்டாள்.

"ஓட்டி எண்டது கடவுள், அம்மா. உருவகம். அவையளும் உங்களைப் போலக் கடல் தாண்டி வந்த சனம். அப்பாவுக்குப் பொருந்தும் எண்டு..."

"பொருந்துமோ?" தாய் பிளோறன்ஸ் கதிரையை இழுத்து இருந்தாள். "மன்னாரிலையிருந்து இந்தியாவுக்கு வரேக்கை எங்களுக்கும் ஒரு ஓட்டி இருந்தவன். நேவிக்குப் பயந்து இருட்டுக்கை இறக்கிவிட்டவன். இதுதான் கரை, விடிய ஆள் வரும் எண்டவன். விடியப் பார்த்தால் மணல்திட்டி. நாலு பக்கமும் கடல். குடிக்க ஒரு சொட்டுத் தண்ணியில்லை. கொண்ணன் பென்ஜமின் என்ரை மடியிலைதான்..."

"அண்ணா ஊரிலை காய்ச்சலிலை செத்தவர் எண்டெல்லோ சொன்னனீங்கள்."

"உன்ரை அப்பாதான் அப்பிடிச் சொல்லச் சொன்னவர். கடவுளையும் அவனையும் ஒரே பேராலை கூப்பிட என்னாலை ஏலாது, பிள்ளை."

இதே உருவகத்தைப் பற்றி லவினியா கட்டுரை எழுதிப் பேராசிரியையிடம் பாராட்டு வாங்கியிருந்தாள். அலைக்கு நடுவே அது தந்த ஆறுதலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாள். கரைசேர்ந்தவர்கள் மட்டுமே பாடிவைத்த ஆறுதல் அது என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

அட்டைகளை அள்ளிப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். தாய் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அம்மா... ஆஸ்பத்திரியிலை இதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர். பிறகு, அந்த ஓட்டி திரும்பி வந்தவனோ எண்டு கேட்டவர். அது கவிதையிலை இல்லையப்பா எண்டு சொல்லிச் சிரிச்சிட்டன்."