சாம்சன் நன்றாக இருந்த நாட்கள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. கும்மிடிப்பூண்டி லோக்கலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த செல்வி சிஸ்டர் சொன்னது. விஷம் சாப்பிட்டவர்களையும் பாம்பு கடித்தவர்களையும் போடுகிற வார்டில் அவர் நர்ஸ். கடகடவென்று சொல்லி முடித்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் அன்று முதல் சோறு இறங்கவில்லை. எழுதித் தொலைத்தாலாவது இறங்குமா என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் வரி: மெர்சி தன் புருஷனுக்கு விஷம் வைத்தாள்.

சீ. இது அவள் நாத்தனாரின் வரி. அடித்துவிட்டேன். ஆனால் நீங்கள் படிக்கிற மாதிரிதான் அடித்திருக்கிறேன். ஏனென்றால் மெர்சிக்கும் அது கடைசிவரை காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது.

2

இன்னொரு தடவை பார்ப்போம். சிப்காட் பக்கத்தில் ஒரு லைன் வீடு. சாம்சனுக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் நைட் ஷிப்ட், மெர்சிக்கு பேக்கிங் கம்பெனியில் பகல் ஷிப்ட். ஒருத்தர் வர ஒருத்தர் போக, கட்டின நாளிலிருந்து அவர்கள் குடும்பம் நடத்தியதே சமையல் மேடையில்தான். அவள் எதையாவது செய்து வைத்துவிட்டுப் போவாள். அவன் வந்து தின்றுவிட்டு, அவளுக்கு வாங்கிவந்த பொட்டலத்தை அதே இடத்தில் வைத்துவிட்டுப் படுப்பான். மேடையில் இருப்பதெல்லாம் தனக்காக என்று ஒரு புருஷன் நினைத்தால் அதில் என்ன தப்பு, சொல்லுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் குடோன். எலி தாங்கவில்லை. அன்று சாம்சனுக்கு டபுள் டூட்டி, சாயங்காலம்தான் வருவான். மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்ததும் எடுத்துப் போட்டுவிடலாம் என்று, ஒரு மசால் வடையில் எலி பேஸ்டைத் தடவி மேடை ஓரத்தில் வைத்தாள் மெர்சி. கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. ஓடினாள். அங்கே சாம்சனின் கம்பெனியில் இரும்பு உருக்கும் ஃபர்னஸ் ரிப்பேர் என்று எல்லாரையும் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

(இந்த இடத்தைத் தாண்ட முடியாமல் நான் பட்ட பாடு இருக்கிறதே. ஃபர்னஸைச் சரிசெய்து பார்த்தேன். வேனை லேட்டாக வரவைத்துப் பார்த்தேன். வடையை எலியே தூக்கிக்கொண்டு ஓடி, சாம்சன் வெறும் மேடையைப் பார்த்து—)

மெர்சியின் டீ பிரேக்கில் சாம்சன் போன் பண்ணினான். சீக்கிரம் வந்துவிட்டானாம், தூங்கப் போகிறானாம்.

"மேடைல வடை கீது. அத்த தொட்றாத."

"எனக்குன்னு நீ வெச்சதுன்னு நெனச்சேன் மெர்சி. துன்னுட்டேனே."

3

கொஞ்சம் கதையை விட்டு வெளியே வாருங்கள். இந்த பேஸ்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. முதல் நாள் வாந்தி எடுக்க வைக்கும். அப்புறம் ரெண்டு மூணு நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆள் சிரிப்பான், இட்லி கேட்பான். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். இதை முறிக்கத் தனியாக மருந்து கிடையாது. தினமும் ரத்தம் பார்த்து, சரிய ஆரம்பித்ததும் தாங்கிப் பிடிக்கப் பார்ப்பார்கள். சிலர் தப்பிக்கிறார்கள். கதை எழுதுகிறவனுக்கு இது பெரிய பேஜார். நிலைமை மோசமாக வேண்டிய இடத்தில் எல்லாரும் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

அன்றே சாம்சனை செல்வி சிஸ்டரின் வார்டில் சேர்த்தார்கள். அங்கே டாக்டர் சந்திரகலா மெர்சியிடம் இதையேதான் சொன்னார். நன்றாக இருக்கிறார் என்று நம்பிவிடாதே, வார்டை விட்டு நகராதே என்று படித்துப் படித்துச் சொன்னார்.

4

அத்திப்பட்டிலிருந்து சாம்சனின் அக்கா ஏஞ்சலின் வந்தாள். கத்தவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று மெதுவாகத்தான் கேட்டாள்.

"எலிக்கு வெக்கறவ அவன் துன்ற எடத்துலயா வெப்பா? உள்ளத சொல்லு."

 பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் மெர்சியையே பார்த்தார்கள். சாம்சன் மட்டும், அந்தப் பேச்சை விடும்படி அக்காவிடம் சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்த அந்த நிமிஷம் மெர்சிக்கு ஒன்று தோன்றியது. இவன் நன்றாக இருந்தால் நான் கொலைகாரி இல்லை. இவன் எழுந்து நம் தெருவில் நடந்தால் ஒரு வாய் பேசாது.

அதனால்தான், வேலை போய்விடும் ஊட்டுக்குப் போகலாம் என்று சாம்சன் நச்சரித்தபோது, தன் பொறுப்பில் கூட்டிப்போவதாக அவள் எழுதிக் கொடுத்தாள். டாக்டர் திட்டினார். செல்வி சிஸ்டர் வாசல்வரை வந்து கெஞ்சினார். மெர்சி கேட்கவில்லை.

(எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வருகிறது. பிறகு அந்த வார்டில் என்னை நிறுத்திப் பார்க்கிறேன். நானும் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.)

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு சர்ச்சுக்கு நடத்தியே கூட்டிப் போனாள். எல்லார் வீட்டு வாசல் வழியாகவும், கையைப் பிடித்துக்கொண்டு. எல்லாரும் பார்த்தார்கள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஜெபம் முடிந்து வெயிலுக்கு வந்தபோது ஏஞ்சலின்தான் முதலில் கவனித்தாள். தம்பியின் முகத்தைத் திருப்பி, கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்தாள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் யாருடையதோ கல்லீரல் கிடைத்து— கிழித்துவிட்டேன். ஏஞ்சலின் மெர்சியைக் கட்டிக்கொண்டு அழுது— அதுவும் நடக்கவில்லை. நடந்ததை செல்வி சிஸ்டர் சொன்னார். அதை நான் எழுத மாட்டேன். என் கையால் எழுத முடியாது.

சர்ச்சிலிருந்து திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோ வரைக்கும் எழுதுகிறேன். ரோடெல்லாம் கன்டெய்னர் லாரி, ஆட்டோ நகர மாட்டேன் என்கிறது. சாம்சன் நடுவில். ஒரு பக்கம் ஏஞ்சலின் அழுதுகொண்டே ஜெபம் பண்ணுகிறாள். இன்னொரு பக்கம் மெர்சி. அவள் தோளில் சாய்ந்துகொண்டு அவன் கேட்கிறான்.

"அக்கா இன்னாத்துக்கு அழுவுது? நான் நல்லாத்தானே கீறேன் மெர்சி?"

மூன்று பதில் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். ஆமாம் என்றால், அந்தப் பொய்யை நம்பித்தான் அவனை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறாள். இல்லை என்று அந்த மஞ்சள் கண்ணைப் பார்த்துச் சொல்ல அவளால் ஆகாது. மன்னித்துவிடு என்று சொல்லத்தான் அவள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் ஏஞ்சலின் காதில் அது விழுந்தால், விஷம் வைத்ததை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

எனக்கு வரவில்லை. கொஞ்சம் நகர்ந்து நீங்கள் மெர்சியின் இடத்தில் உட்காருங்கள். அவன் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.