வள்ளியம்மாவின் நீலக் குவளை

...மீன் வாங்கத்தான் போர்டிக்சனுக்குப் போகிறார்களாம், அதுவும் மருமகன் தேவன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, எள்ளும் தர்ப்பையும் பிதுங்கும் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, யாருக்குக் காது குத்துகிறார்கள், எந்த மீன் எள்ளுக்கு வரும் என்று அமிர்தலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தபடி பல்லைக் கடித்தார், கடித்ததிலும் வலது பக்கம் உணர்ச்சி இல்லை, கோபத்தைக்கூடப் பாதி முகத்தில்தான் காட்ட முடிகிறது. இன்றைக்குப் பதினாறாம் நாள். வள்ளியம்மாவுக்குக் கடற்கரையில் காரியம். புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது செய்யப்போவது மருமகன். ஏன்? கிழவனுக்குப் பெண்டாட்டி செத்ததே தெரியாதாம்.

அவருக்கா தெரியாது? எட்டு மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்தது, வலது கை போனது, பேச்சு முழுக்கப் போய்ப் பாதி திரும்பியது, பெயர்கள் வருகின்றன, கெட்ட வார்த்தை பளிச்சென்று வருகிறது, முடிந்துபோனதைச் சொல்லும்போது மட்டும் வாய் அதை இப்போது நடப்பதாகச் சொல்லிவிடுகிறது. உள்ளே ‘சாப்பிட்டேன்’ என்றுதான் கிளம்பும், உதட்டுக்கு வந்தால் ‘சாப்பிடுறேன்’. சிரம்பானில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஓர் அட்டையைக் காட்டினாள், ஒரு சிறுமி, பக்கத்தில் வெறும் வாழைப்பழத் தோல். இந்தப் பிள்ளை என்ன செஞ்சிச்சு அங்கிள்? சாப்பிடுது, என்றார், எதை, தோலையா, என்று அவருக்கே ஆத்திரம். அறிவு கெடவில்லை, காலம் சொல்வதுதான் கெட்டிருக்கிறது என்று அவள் தாளில் எழுதி, வீட்டில் பழக அந்த அட்டையோடு சேர்த்துக் கொடுத்தாள். அந்தத் தாள் ஐஸ்பெட்டிக் கதவில், கேஸ் கடைக்காரன் கொடுத்த காந்தத்துக்கு அடியில், படிக்க ஆளில்லாமல் மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது.

செத்த வீட்டில் அத்தனை சனத்துக்கும் நடுவில் தேவன் குனிந்து, பாலர் பள்ளிப் பிள்ளையிடம் கேட்பதைப்போல, “மாமா, அத்தை விழறதுக்கு முன்ன என்னா செஞ்சாங்க?” என்றான். கருவாட்டுக் குழம்பு வைத்தாள், உப்புப் பார்க்கச் சொன்னாள், கரண்டியை நீட்டினாள், விழுந்தாள், எல்லாம் தொண்டைவரை ஒழுங்காக வரிசையில் வந்தது. வாய் சொன்னது: “கொழம்பு வைக்கிறா. உப்பு பார்க்கச் சொல்றா.” யாரோ ஒருத்தி ‘ஐயோ பாவம்’ என்றாள், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. சாகுறா, வள்ளி சாகுறா, என்று கத்திப் பார்த்தார், மகள் புனிதா அவர் வாயைப் பொத்தி, “அப்படிச் சொல்லாதீங்கப்பா, அம்மாவுக்கு ஒன்னுமில்ல” என்றாள். தெரியும், தெரியும் என்றார், தெரியும்பா, தெரியும் என்று தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். நாற்பது வருஷம் கூடப் படுத்தவளை வாசல் தாண்டித் தூக்கிப் போகும்போது அவரைப் பின்னறையில் டிவி முன்னால் உட்கார வைத்திருந்தார்கள், பேட்மிண்டன் ஓடிக்கொண்டிருந்தது, எந்த நாய் ஜெயித்ததோ. அன்றிலிருந்து நாடகம். பாரோயில் இருக்கும் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து இங்கே தங்கியிருக்கும் புனிதா தினமும் காலையில் அம்மாவின் நீல எனாமல் குவளையில் காப்பி ஊற்றி மேசையில் வைக்கிறாள், “அம்மா பாசாருக்குப் போயிருக்காங்கப்பா, வந்துருவாங்க.” பதினாறு நாளாக ஒருத்தி கோலா பிலா பாசாரில் என்ன வாங்குகிறாள், பாசாரையேவா?

“மாமா, பசியாறிட்டீங்களா? மீன வாங்கிட்டு ஓடியாந்துர்றோம்லா,” என்று தேவன் வெளியே நிற்கும் காடியின் சாவியை ஆட்டினான், குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவதுபோல. அமிர்தலிங்கம் அவனைப் பார்க்கவில்லை, குவளையைப் பார்த்தார். முப்பது வருஷம் இந்த ரப்பர் தோட்டத்தில் மண்டோர், ஆள்களை வேலை வாங்கும் கங்காணி. பால் வெட்டும் ஆள் செத்தால், விடிந்ததும் மண்டோர்தான் அந்த ஆள் வெட்டும் மர நிரைக்குப் போய், மரத்தில் தொங்கும் பால் பிடிக்கும் மங்குகளை ஒவ்வொன்றாகக் கவிழ்க்க வேண்டும், அன்றைக்கு அந்த மரங்களை யாரும் தொடமாட்டார்கள், எத்தனை பேருக்குக் கவிழ்த்திருப்பார், வள்ளியம்மா வெட்டிய நிரைக்குக் கவிழ்க்கலாமென்றால் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டாயிற்று, மரமும் இல்லை, மங்கும் இல்லை... குவளை இருக்கிறதே. இடது கையால் கவிழ்த்தார். காப்பி மேசையில் ஓடி, அங்கே கிடந்த அட்டையில் வாழைப்பழச் சிறுமியை நனைத்து, தேவனின் வெள்ளை வேட்டியில் சொட்டியது. “பரவால்ல மாமா, கை நடுங்குது,” என்று அவன் குவளையை நிமிர்த்தி வைத்தான். உனக்குத்தான்டா மூளை நடுங்குகிறது என்று சொல்ல வந்தார், “பன்னி” என்பது மட்டும் வந்தது, அது தெளிவாகவே வந்தது. மறுபடியும் கவிழ்த்தார், நிமிர்த்திப் பாரடா என்று உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மேசை துடைக்கத் துணியோடு வந்த புனிதா அப்படியே நின்றாள். பள்ளிக்கூடம் போகிற வழியில் கவிழ்ந்த மங்குகளைக் கண்டால், இன்னைக்கு யாருப்பா, என்று கேட்டு வளர்ந்தவள். குவளையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“அப்பாவோட வேட்டிய எடுங்க,” என்றாள் புருஷனிடம்.

“அவருக்கு எப்படி...”

“எடுங்கன்னு சொல்றேன்ல!”

ஆக ஜெயித்தாயிற்று, கடலுக்குப் போகிறார், அவர் கையாலேயே எள்ளுத் தண்ணீர் விடப்போகிறார், ஆனாலும் கோபம் இறங்கவில்லை, பேட்மிண்டனை யார் திருப்பி எடுத்துக்கொள்வது, பதினாறு காப்பியை யார்? தேவன் காடியை எடுக்கப் போய்விட்டான். புனிதா முட்டி போட்டு அவருக்கு வேட்டி கட்டிவிட்டாள், முகத்தை நிமிர்த்தவில்லை, கட்டி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. “அப்பா,” என்றாள், மேசைக்குக்கூடக் கேட்காத குரலில், “அம்மா என்னா செய்றாங்க?” மறுபடியும் ஆரம்பித்துவிட்டாளே, இப்போதுதானே எல்லாம் விளங்கியது, திரும்பவும் பாசாரா, என்று பன்னியைக் கையோடு எடுத்துக்கொண்டு வாய் திறந்தவர், வேட்டி நுனியை அவள் விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்தார்... தினமும் குவளையில் ஊற்றியது யாருக்கு, அவருக்கா? தோட்டம் பூராவும் எல்லார் வாயிலும் வள்ளியம்மா செத்துவிட்டாள், மகள் வாயில்கூட, போன ஆள், இருந்த ஆள், நல்லா சமைச்ச ஆள், இந்தக் கோணல் வாய் ஒன்றில்தான் அவள் இன்னும்...

“கொழம்பு வைக்கிறா,” என்றார். “உப்பு பார்க்கச் சொல்றா.”

புனிதா தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு தடங்கல் இல்லாமல் வந்துவிட்டது, எட்டு மாதத்தில் இவ்வளவு சுத்தமாக எதுவும் வந்ததில்லை, அதுதான் உறுத்தியது, இப்போது சொன்னது அந்தப் பாழாய்ப்போன வாயா, இல்லை அவரா... வாசலில் தேவன் ஹார்ன் அடித்தான், மடையன், இரண்டு தடவை.