அக்காவின் ஜெபம்

படக்கதைகளுக்கு வசனம் எழுதுகிறவன் அன்று காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் கால்மணி நேரமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தான். உள்ளே ஏழாம் கட்டிலில் அக்கா. ஒன்பது மணிக்கு அவளுக்கு இதயத்தில் ஆபரேஷன். ஜெபம் பண்ணிட்டுப் போ என்று போன் பண்ணியிருந்தாள். ஜெபத்துக்குப் பயந்து வாசலில் நிற்கிற கிறிஸ்தவனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? இவன்தான் அது.

விஷயம் இதுதான். போன வருடம் கவசன் கதையின் ஐம்பதாவது புத்தகம் தயாரானது. கவசன் என்றால் முகமூடியும் பறக்கிற காலணியும் போட்டுக்கொண்டு, இடிகிற கட்டடத்தை ஒற்றைக் கையால் தாங்குகிற ஆள். அணை உடைந்து, ஊரே மொட்டை மாடியில் நின்று அவனைக் கூப்பிடுகிற கட்டம். இவன் “வாங்க, காப்பாத்துங்க” என்று எழுதிக் கொடுத்தான். ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“என்னய்யா இது, குழாய் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடற மாதிரி இருக்கு. சாமியக் கூப்பிடற மாதிரி எழுது. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு இவன்தானே புராணம்.”

அந்த நேரம் பார்த்து அக்காவின் ஜெபம் இவன் நாக்கில் வந்து உட்கார்ந்தது. அம்மா போன பிறகு இவனை வளர்த்தவள் அக்கா. ஏழு வயதில் இவன் காய்ச்சலில் கிடந்தபோது, நெற்றியில் கைவைத்து அவளே சொந்தமாகச் சொன்னது அது: “நீர் வருவீர் என்று அறிவோம். வரும்வரை உமது நிழல் போதும்.” அந்த வீட்டில் ‘நீர்’ என்ற சொல் ஆண்டவருக்கு மட்டும்தான். போதகருக்குக்கூட ‘நீங்க’தான். அதைத் தூக்கி முகமூடிக்காரனுக்குக் கொடுத்தான் பாவி.

புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. அந்த வரி பனியனில் ஏறியது, தண்ணீர் பாட்டிலில் ஏறியது. அக்காவிடம் மட்டும் இவன் மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு ஆலயத்தில் கண்ணை மூடி ‘நீர்’ என்று தொடங்கினாலே பறக்கிற காலணிதான் எதிரே வந்து நின்றது.

“உள்ள வாடா. எவ்வளவு நேரம் கதவுக்குக் காவல் இருப்ப?”

அக்காதான். போய் உட்கார்ந்தான். அவள் கை சில்லிட்டிருந்தது.

“சின்ன வயசுல நான் உனக்குச் சொல்வேனே, அதையே எனக்குச் சொல்லு.”

“நீர் வருவீர் என்று...” அந்தக் காலணி எதிரே வந்து நின்றது. “வேற சொல்றேன்க்கா.”

“ஏன், அது இப்ப பனியன்காரங்களுக்குச் சொந்தமாயிடுச்சா?”

அவனுக்கு முகம் செத்துப்போயிற்று.

“எக்ஸ்ரே எடுக்கற தம்பி நேத்து போட்டிருந்தான். யாரு எழுதினதுன்னு கேட்டேன். உன் பேரைத்தான் சொன்னான், பெருமையா.”

“ஆசிரியர் கேட்டாருக்கா. அவசரத்துல...”

“உன் கவசன் வந்தானா?”

“வந்தான். கடைசிப் பக்கத்துல.”

“வராம இருப்பானா, நீதானே எழுதற.” சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “இயேசுவ சிலுவையிலருந்து எறங்கி வான்னு கேலி பண்ணாங்க. அவர் எறங்கல. வலியோடயே இருந்தார். அதனாலதான்டா அவர்கிட்ட என் பயத்தச் சொல்ல முடியுது. பறந்து வர்றவனுக்கு இந்தக் கட்டில்ல படுத்திருக்கறது என்ன தெரியும்?”

தள்ளுவண்டியோடு ஊழியர் வந்துவிட்டார். அக்காவை அதில் மாற்றிப் படுக்கவைத்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். இவனுக்கு ‘நீர்’ என்று வாய் வரவில்லை. அந்தச் சொல்லை இவன் எப்போதோ செலவழித்துவிட்டான்.

“ஆண்டவரே, நீங்க...” என்றான். பிறந்ததிலிருந்து ஆண்டவரை அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. “அக்காவுக்குப் பயமா இருக்கு. எனக்கும்தான். கூடவே இருங்க. ஆமென்.”

அக்கா ஆமென் சொல்லவில்லை. ஊழியர் வண்டியைத் தள்ளக் குனிந்தார்.

“இன்னும் இருக்கு,” என்றாள், கண்ணைத் திறக்காமல். “சொல்லு.”

அவன் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“அக்காவோட ஜெபத்தத் திருடி வித்துட்டேன்.”

“ஆமென்,” என்றாள் அக்கா. வண்டி நகர்ந்தது.