அரை விரற்கடை

பட்டறையில் என்னைக் 'கண் டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் கண்ணில் இரும்புத்தூள் விழுந்தாலும் நேரே என்னிடம்தான் ஓடி வருவார்கள். பழைய கணினியைப் பிரித்து எடுத்த நகமளவுக் காந்தம் ஒன்று என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். இமையை விரித்துப் பிடித்து அதைக் கிட்டே கொண்டுபோனால் தூள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இதுவரை பதினோரு கண். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

அன்று மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், துருப்பிடித்த போல்ட்டின் மேல் உளி வைத்து அடித்துக்கொண்டிருந்தார். பாதுகாப்புக் கண்ணாடி போடவில்லை. எத்தனை தடவைதான் சொல்வது! "ஐயோ" என்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கையை எடுங்க மாப்பிள்ள, பாத்துடலாம்."

வெள்ளைவிழியில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. மேலேதான் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். உளியிலிருந்து தெறித்த சில்லு தோட்டா மாதிரி உள்ளே போயிருக்கும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா மச்சான்?"

"அங்க போய் நாலு மணி நேரம் உக்காந்திருப்பீங்களா? நான் எதுக்கு இருக்கேன்?"

ஒரு விரற்கடை தூரத்தில் காந்தத்தைப் பிடித்தேன். வழக்கமாக அங்கேயே தூள் வந்துவிடும். வரவில்லை. அரை விரற்கடை. அப்போதும் இல்லை.

"கல்லுளிமங்கன் மாதிரி உக்காந்திருக்கு" என்றேன். அந்த வலியிலும் அவர் சிரித்தார்.

"இன்னும் கிட்ட கொண்டு வாங்க மச்சான். நான் அசைய மாட்டேன்."

கொஞ்சம் நெருங்கினால் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். காந்தம் அப்படிப்பட்டதில்லை. அரை விரற்கடையில் சும்மா கிடந்தது, மயிரிழை தூரத்துக்கு வந்ததும் மொத்தப் பலத்தோடு இழுத்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். சில்லு காந்தத்தில் இருந்தது. போன வழியில் திரும்பாமல் கண்ணைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. பின்னாலேயே கொழகொழவென்று ஏதோ வழிந்தது.

ஆஸ்பத்திரியில் நிஜமான கண் டாக்டர் என்னைத் திட்டக்கூட இல்லை.

"நாங்களும் சில சமயம் காந்தம் வெச்சுதான் எடுக்கிறோம். ஆனா ஸ்கேன்ல ஆழம் பாத்து, வழி திறந்துட்டு எடுப்போம். நேரா இங்க வந்திருந்தா பார்வைய காப்பாத்தியிருக்கலாம்."

தங்கை என் பக்கமே திரும்பவில்லை. இரண்டு அறை விட்டிருந்தாலும் தேவலாம்.

உள்ளே, இரண்டு கண்ணையும் மூடிக் கட்டுப் போட்ட முகத்தோடு படுத்திருந்த மாப்பிள்ளை என் கையைத் துழாவிப் பிடித்தார். அவரிடம் யாரும் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"சில்லு வெளிய வந்துடுச்சுல்ல மச்சான்?"

"வந்துடுச்சு மாப்பிள்ள."

"அப்பாடா. நீங்க மட்டும் இல்லன்னா கண்ணே போயிருக்கும்."