ஆமை ஏறும் கரை

கந்தப்பனுக்கு வலது தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. முந்தின நாள் பொழுது சாயும்வரை தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த தோள். விடியற்காலையில் குடித்த சாயத்தண்ணி எப்போதோ இறங்கிவிட்டது. பூண்டுலோயாத் தோட்டத்திலிருந்து இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணைக்கு வந்து, டவுன் அரசாங்கக் கந்தோர் வாசலில் உச்சிப்பொழுதுவரை நின்றாயிற்று. பக்கத்தில் சாட்சிக்கு வந்த பழனியாண்டி, தோட்டத்து வரிசை வீடுகளில் அடுத்த லயத்துக்காரன்.

“உள்ள போயி வளவளன்னு பேசாதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்று மனைவி மீனம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். மனு புருஷன் பேரில். அவளும் மூன்று பிள்ளைகளும் அதிலேதான் தொங்கினார்கள். அது விழுந்தால் ஐந்து பேருக்கும் இந்த நாட்டில் இடமில்லை.

கூப்பிட்டார்கள். பழனியாண்டி கும்பிட்டுச் சொன்னான்: “இவன் பொறந்தது எங்க தோட்டத்து லயத்துல ஐயா. பூண்டுலோயாவத் தாண்டுனா இவனுக்கு வழி தெரியாது.”

அதிகாரி சிரித்தார். எல்லாம் நல்லபடியாகவே போனது. கடைசியாக அவர் ஏதோ கேட்க, மொழிபெயர்ப்பாளர் ஞானரட்ணம் தமிழில் சொன்னார்: “உன் அப்பா எந்த ஊர்லேருந்து வந்தார்?”

தோட்டத்தில் பெண் கேட்டுப் போனால் முதல் கேள்வி அதுதான். அப்பன் ஊரை அங்குலம் அங்குலமாகச் சொல்லத் தெரியாதவனை மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள். கந்தப்பனின் அப்பா பக்கத்து நிரையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டே ஊரை முழுசாக மகன் காதில் இறக்கிவிட்டுச் செத்தவர். மீனம்மாவைக் கட்டிக்கொடுத்ததே அந்தக் கதைக்காகத்தான்.

“கழிமேடுங்க ஐயா! கொள்ளிடம் கடல்ல விழுற எடம். ஐப்பசியில ஆறு மணல்மேட்ட ஒடச்சிக்கிட்டுப் பாயும். மாசியில ஆமை கரையேறி முட்ட போடும். நரி தோண்டித் தின்னுட்டு மிச்சம் வச்சாத்தான் மனுசனுக்கு.” மேசையில் விரலால் ஆற்றை வரைந்தான். “இங்கன உப்பளம். வெள்ளக்காரன் காவலுக்குப் பங்களா கட்டுனான். ஆறு தெச மாறி அதையே முழுங்கிருச்சு. அந்தச் சேத்துலதான் பூநார எறங்கும், செவசெவன்னு.”

பழனியாண்டி அவன் காலை மிதித்தான். கந்தப்பனுக்கு உறைக்கவில்லை.

அதிகாரி பேனாவை மூடிவிட்டுப் பேசினார். ஞானரட்ணத்தின் குரல் இறங்கியது. “அங்கே எத்தனை வருஷம் இருந்தே?”

“நான் கடலையே பாத்ததில்லீங்க. அப்பா சொன்னதுங்க.”

“ஆமை ஏறுற மாசம்கூடவா?”

“அதுவுந்தாங்க.”

அங்கே ஒருநாளும் வசிக்கவில்லை என்று கழிமேட்டு முன்சீப்பிடம் கடிதம் வாங்கிவர மூன்று மாதத் தவணை கொடுத்தார்கள். தோட்டத்து வாத்தியார் சுகிர்தம் கடிதம் எழுதிப் போட்டார். எட்டாவது வாரம் அதே உறை திரும்பி வந்தது. முதுகில் தபால்காரர் ஊதா மையில் கிறுக்கியிருந்தார்: ‘புயலில் ஆறு புதுவாய் திறந்து ஊர் போய்விட்டது. இப்படி ஓர் ஊர் தற்சமயம் இல்லை.’

உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தான். வாங்கி, மனுவோடு குத்தி வைத்துக்கொண்டார்கள்.

சித்திரையில் பதில் வந்தது. மனுதாரர் இந்தியாவில் வசித்திருப்பார் என்று நம்பக் காரணம் உண்டு; மனு தள்ளப்பட்டது. சுகிர்தம் இரண்டு தரம் வாசித்தார். மீனம்மா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்க அனுப்புவாங்களாம்? தண்ணிக்குள்ளயா?” என்றாள். “அந்த ஆமையக் கட்டிக்கிட்டு அழுங்க.” கொழுந்து பறிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது பழனியாண்டி அருகில்தான் நின்றான். சாட்சிக்கு வந்து திரும்பியதில் அவனுக்கு இரண்டு நாள் பேர் விழவில்லை, கூலி போயிற்று. பதிலுக்கு, அவனுடைய லயத்துக் கொல்லையை இரண்டு நாள் கொத்தித் தருவதாகக் கந்தப்பன் வாக்குக் கொடுத்திருந்தான். அந்த இரண்டு நாள் கொத்து இன்னும் கடன்.